அரசாணையைத் தேடிப் படிப்பது எப்படி? வேலூர் மாவட்டத்தினருக்கு ஓர் எளிய வழிகாட்டி

திங்கட்கிழமை தோறும் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனுவோடு போகிற பலரும் கேட்டுத் திரும்பும் பதில், "மேலிடத்து உத்தரவு வரணும்." அந்த மேலிடம் எது, உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1: எந்தத் துறை?

தாசில்தாரும் கலெக்டரும் ஆணையை நிறைவேற்றுபவர்கள். ஆணை பிறப்பது சென்னைக் கோட்டையில் உள்ள தலைமைச் செயலகத்தில். அங்கே ஒவ்வொரு துறைக்கும் ஒரு செயலாளர் உண்டு. தலைமைச் செயலாளரின் நேரடிப் பொறுப்பில் இருப்பது பொதுத் துறை. அமைச்சரவைக் கூட்டம், ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் நியமனம், மாறுதல் எல்லாம் அதன் வேலை.

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. மாவட்டத்தைப் பிரிப்பது வருவாய்த் துறையின் ஆணை. அங்கே கலெக்டரை நியமிப்பது பொதுத் துறையின் ஆணை. பட்டா, சாதிச் சான்றிதழ் சிக்கலுக்குப் பொதுத் துறைக்கு எழுதினால் மனு வருவாய்த் துறைக்குத்தான் அனுப்பப்படும், நாள்தான் வீணாகும்.

படி 2: தேடுங்கள்

தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் அரசாணைகள் துறைவாரியாக இருக்கின்றன. துறை, ஆண்டு தெரிந்தால் போதும்.

படி 3: படியுங்கள்

இங்கேதான் பலர் மிரண்டுபோகிறார்கள். தேவையே இல்லை. மேலே "சுருக்கம்" என்று சில வரிகள் இருக்கும்; உங்கள் விஷயமா என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து துறையின் பெயர், "அரசாணை (நிலை) எண்", நாள். இவை மூன்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "படிக்க" என்ற பகுதியில் முந்தைய ஆணைகளும் கடிதங்களும் வரிசையாக இருக்கும். பிரச்சினையின் பழைய வரலாறு முழுக்க அங்கேதான் கிடைக்கும், அதனால் தாண்டிப் போகாதீர்கள்.

அப்புறம் எண்ணிட்ட பத்திகள். முதல் சில பத்திகள் பின்னணியைச் சொல்லும். முடிவு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். பணம் செலவாகும் விஷயமென்றால் நிதித் துறையின் இசைவு பெறப்பட்டதாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். முடிவில் "ஆளுநரின் ஆணைப்படி" என்றும் செயலாளரின் பெயரும் இருக்கும். அதற்கும் கீழே இருக்கும் "பெறுநர்" பட்டியலை விட்டுவிடாதீர்கள். யார் செய்ய வேண்டும் என்பதற்கு அதுதான் சாட்சி. மாவட்ட ஆட்சியர் அதில் இருந்தால், ஆணை வரவில்லை என்ற பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

படி 4: மனுவில் சேருங்கள்

"அரசாணை எண் இன்னது, நாள் இன்னது, பத்தி இன்னது" என்று முதல் வரியிலேயே எழுதி, நகலை இணையுங்கள். மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, மனுமீது எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.