துணைவர் விசா: எல்லையோர ஊர்க்காரர்கள் ஆவணங்களில் செய்யும் தவறுகள்

கேரள எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெண்ணுக்குப் பொள்ளாச்சி மாப்பிள்ளை அமைவது சகஜம். அவர் பிரிட்டனில் நிரந்தரமாக இருக்க உரிமை பெற்றவர் என்றால் அடுத்த வேலை துணைவர் விசா. நம் பக்கத்து விண்ணப்பங்களில் முதல் சிக்கல் பெயரில்தான் வருகிறது.

அப்பா பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். மலையாள எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஜி' வர வேண்டிய இடத்தில் 'கே' விழுந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'கே', ஆதாரில் 'ஜி', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணச் சான்றிதழில் வெறும் இனிஷியல். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இது ஒரே ஆளா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே கல்யாணப் பதிவு மனுவிலும் எழுதுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பழைய சான்றிதழ் ஒத்துப்போகவில்லை என்றால் வில்லேஜ் ஆபீஸ் வழியாக 'ஒரே நபர்' சான்றிதழ் வாங்கி இணைக்கலாம். கல்யாணம் ஆன சூட்டோடு ஆதாரில் மட்டும் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டாம். விசாவுக்கு அது தேவையே இல்லை.

பதிவும் இடம் பார்த்துத்தான். கேரளப் பஞ்சாயத்து தன் எல்லைக்குள் நடந்த கல்யாணத்தையே பதியும். தாலி கட்டியது பொள்ளாச்சி மண்டபத்தில் என்றால் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். கோயில் ரசீதும் பத்திரிகையும் சான்றிதழுக்கு ஈடாகாது.

தமிழிலோ மலையாளத்திலோ இருக்கும் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் 'மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு' என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாமல் நோட்டரி முத்திரை மட்டும் குத்தி அனுப்புவது வீண். மூலத்தின் நகலையும் சேர்த்தே வையுங்கள்.

2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்ட். மாப்பிள்ளை ஒரே நிறுவனத்தில் 6 மாதமாகச் சம்பளம் வாங்கினால், அந்த 6 மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், நிறுவனத்தின் கடிதம் மூன்றும் வேண்டும். சீட்டில் கைக்கு வரும் தொகை எவ்வளவோ அது வங்கியில் வரவாகத் தெரிய வேண்டும். ஒரு மாதச் சீட்டு விடுபட்டாலும் சிக்கல். விண்ணப்பிக்கும் நாளுக்கு 28 நாளுக்கு மேல் முன்னதாக முடிந்துவிடும் ஸ்டேட்மென்டும் உதவாது. சம்பளக் குறையை ஈடுகட்ட, சொந்தக்காரரிடம் கைமாற்றாக வாங்கிப் போட்ட பணத்தைச் சேமிப்பு என்று காட்டாதீர்கள். சேமிப்பு 6 மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அதிலும் 16,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிதான் கணக்கில் வரும்.

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் அப்படியே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் நேரில் சந்தித்த தேதியைப் படிவத்தில் கேட்பார்கள். கணவனும் மனைவியும் விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கடிதங்களிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் முத்திரையோடும் பொருந்த வேண்டும். ஆல்பம் முழுவதும் வேண்டாம். நிச்சயம், தாலி கட்டு, இரு வீட்டாரும் நிற்கும் படம், அதற்குப் பிந்தைய சந்திப்புகள் என்று பதினைந்து இருபது போதும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், நிற்பவர்களின் உறவுமுறை எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், தேதி தெரியும்படி.

காசநோய்ச் சான்றிதழ் 6 மாதமே செல்லும். பிரிட்டன் அரசின் பட்டியலில் உள்ள கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். சம்பளச் சீட்டுகள் சேர்வதற்கு முன்பே ஓடிப்போய் எடுத்துவிட்டு, பிறகு காலாவதியாகி மறுபடி பணம் கட்டுபவர்கள் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.