விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்காமல் இருப்பது எப்படி?

வீட்டிலோ ஆபீசிலோ 'கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்' என்று பெயர் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றும் வேலையும், மாற்றிய பிறகு விழும் திட்டும் உங்கள் தலையில்தான். கோத்தகிரி மார்க்கெட் பக்கம் நான் நடத்தும் சின்ன கம்ப்யூட்டர் சென்டருக்கு இப்போது அதிகம் வருவதே இந்த வேலைதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எல்லோரும் வருகிறார்கள். போட்டுக் கொடுப்பது பெரிய வேலையில்லை. மறுநாள் காலையில் வரும் போன்தான் பெரிய வேலை. "ஏம்மா, நல்லா ஓடிட்டு இருந்த சிஸ்டத்தை என்ன பண்ணி வச்சே?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கொஞ்ச நாள்ல பழகிடும் சார்" என்ற வார்த்தையை எடுக்கவே எடுக்காதீர்கள். தப்பு அவர் பேரில் என்று சொல்வது போல அது கேட்கும். உண்மையில் தப்பு அவர் பேரில் இல்லை. 1995-இல் வந்த விண்டோஸ் 95-இலிருந்து ஸ்டார்ட் பட்டன் இடது பக்க மூலையில் இருந்தது. கரண்ட் போனதும் தீப்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போவது போலத்தான், அவர் மவுஸும் அந்த மூலைக்குப் போகிறது. 2012-இல் விண்டோஸ் 8 அந்தப் பட்டனையே எடுத்துவிட்டுத் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வைத்தது. உலகம் முழுக்கக் கத்தினார்கள். அடுத்த வருடமே 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. 2015-இல் விண்டோஸ் 10-இல் பழைய மாதிரி மெனுவும் வந்தது. கத்தியவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் என்று அப்போது மைக்ரோசாஃப்ட் கூட நினைக்கவில்லை, நாம் ஏன் நினைக்க வேண்டும்?

ஆக, வேலை இதுதான்: அவர் கை தினமும் தேடும் நாலைந்து விஷயங்களைக் கண்டுபிடித்து, பழைய இடத்தில் திருப்பி வைப்பது. மற்றதைத் தொடவேண்டாம்.

மாற்றுவதற்கு முன்னால்

பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பாருங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், "எல்லாம் சாதாரணமாத்தான் யூஸ் பண்றேன்" என்பார்கள். பார்த்தால்தான் தெரியும்.

கீழ் கோத்தகிரி ரோட்டில் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் ஃபேக்டரி. அங்கே இருக்கும் கிளார்க் அண்ணா ஒவ்வொருவரும் கொடுத்த இலை எடையை எக்செலில் ஏற்றி, மாதம் முடிந்ததும் பணத்துக்குக் கணக்குப் போடுவார். அவர் டெஸ்க்டாப்பில் 'ஏப்ரல் இலை', 'ஏப்ரல் இலை புதுசு', 'ஏப்ரல் இலை ஃபைனல்', 'ஏப்ரல் இலை ஃபைனல் சரி' என்று வரிசையாக ஃபைல்கள். பெயரைப் படித்து அவர் எதையும் திறப்பதில்லை. வலது ஓரத்தில் மேலிருந்து இரண்டாவது என்றால் அது அட்வான்ஸ் கணக்கு. ரீசைக்கிள் பின்னுக்குப் பக்கத்தில் இருந்தால் நடப்பு மாதம். ஐகான் இடம் மாறினால் அவர் கணக்கே மாறிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு நான் செய்வது, மாற்றுவதற்கு முன் டெஸ்க்டாப்பைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது. டாஸ்க்பாரையும் சேர்த்து. முடிந்ததும் போட்டோவைப் பார்த்து அதே இடத்தில் ஐகான்களை நகர்த்தி வைத்துவிட்டால் பாதித் திட்டு குறையும்.

எந்த பிரிண்டரில் பில் போகிறது, கம்ப்யூட்டரை எப்படி அணைக்கிறார், ஃபைலை எங்கே சேமிக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் எதில் அடிக்கிறார் என்பதை மறக்கவே கூடாது. பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் அடித்த மனுக்கள் நிறையப் பேரிடம் இருக்கின்றன. இருப்பதன் மேலேயே அப்கிரேடு செய்தால் ஃபாண்ட் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் ஃபாண்ட் போய்விடும். மனுவைத் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அழுகிற அளவுக்குப் போய்விடுவார்கள். ஃபாண்ட் ஃபைலை முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்தால் இரண்டு நிமிட வேலை.

மெஷின் தாங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், 4 ஜிபி ராம் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். தேறாத மெஷினில் குறுக்கு வழியில் ஏற்றுவதை நான் செய்வதில்லை. வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10 கம்ப்யூட்டராக இருந்தால், அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்து 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். அதற்குள் புது மெஷினுக்குப் பணம் சேர்க்கட்டும்.

நாளும் பார்க்க வேண்டும். ராகு காலத்தைச் சொல்லவில்லை. இலைப் பணம் கணக்குப் போடும் வாரத்தில் ஃபேக்டரி கம்ப்யூட்டரைத் தொட்டால், சாமியே வந்து போட்டுக் கொடுத்தாலும் திட்டு நிச்சயம். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத ஊர் இது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பாதி அப்கிரேடில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிற கம்ப்யூட்டர் என்றால், அந்த வைஃபையின் செட்டிங்ஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்துவையுங்கள். டேட்டா மொத்தத்தையும் அப்டேட் குடித்துவிடாது.

மாற்றி முடித்த பிறகு

அந்த இடது மூலைதான் முதல் வேலை. விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் நடுவில் இருக்கிறது. காலியான மூலையில் வானிலை வந்து உட்கார்ந்திருக்கிறது. கிளார்க் அண்ணா பழக்கத்தில் மவுஸை அங்கே கொண்டுபோனதும் பாதித் திரைக்குச் செய்தியும் சினிமாவும் பங்குச்சந்தையும் விரிந்தது. மூடினார். மறுபடி ஸ்டார்ட் தேடி அதே மூலைக்குப் போனார். மறுபடி விரிந்தது. "வெளியே மழை பெய்யறது எனக்கே தெரியுது, இது எதுக்குச் சொல்லுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

டாஸ்க்பாரில் காலியிடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்கள். அந்த வானிலைக்குப் பெயர் 'விட்ஜெட்ஸ்', அதை ஆஃப் செய்யுங்கள். அதே பக்கத்தில் கீழே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்று இருக்கும். அதில் அலைன்மென்டை 'லெஃப்ட்' என்று மாற்றினால் ஸ்டார்ட் பழைய மூலைக்கு வந்துவிடும். இதை மட்டும் செய்துவிட்டு எழுந்து வந்தாலே பலர் சமாதானமாகிவிடுவார்கள்.

அங்கேயே இன்னொன்றும் இருக்கிறது. மூன்று எக்செல் ஃபைல் திறந்திருந்தால் மூன்றையும் ஒரே ஐகானுக்குள் அடைத்துவிடும், பெயரும் தெரியாது. டாஸ்க்பார் பட்டன்களைச் சேர்ப்பது பற்றிய வரியில் 'நெவர்' என்று வையுங்கள், ஒவ்வொன்றும் பெயரோடு தனித்தனியாக நிற்கும். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது இந்த வசதியே கிடையாது. எல்லோரும் கேட்டுக் கேட்டு 2023-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபைலை இழுத்து டாஸ்க்பாரில் போடும் வசதியும் அப்படித்தான், 2022-இல் திரும்பியது.

அடுத்தது ரைட் கிளிக். என் அனுபவத்தில் ஸ்டார்ட் பட்டனை விட இதற்குத்தான் கோபம் அதிகம். முன்பு நீளமாக ஒரு பட்டியல் வரும், எல்லாம் அதில் இருக்கும். இப்போது சுருக்கிவிட்டு, மீதியை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் வெறும் படங்களாகிவிட்டன. அதிலும் அந்தப் படவரிசை, கிளிக் செய்யும் இடத்தைப் பொறுத்து மெனுவின் மேலேயும் வரும், கீழேயும் வரும். 2024 அப்டேட்டில்தான் படத்துக்குப் பக்கத்தில் பெயர் போட்டார்கள். பழைய பட்டியலே வேண்டும் என்பவருக்கு, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யச் சொல்லுங்கள், நேராக அதுவே வரும். சொன்னால் மட்டும் போதாது, அவர் கையால் நாலு தடவை செய்ய வையுங்கள்.

பிரிண்டர். செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பக்கத்தில், டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அது ஆனில் இருந்தால் கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தாரோ அதையே டிஃபால்ட் ஆக்கிவிடும். ஒரு நாள் கலர் பிரிண்டரில் ஒரு போட்டோ எடுத்தால், மறுநாள் பில் எல்லாம் அங்கே போகும். ஆஃப் செய்துவிட்டு பில் பிரிண்டரை நீங்களே டிஃபால்ட்டாக வையுங்கள்.

'மை கம்ப்யூட்டர்' காணோம் என்பார்கள். அதன் பெயர் 'திஸ் பிசி' என்று மாறி வருடங்கள் ஆகிவிட்டன, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், தீம்ஸ், அதில் டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ். டிக் போட்டால் வந்துவிடும். பெயரையும் 'மை கம்ப்யூட்டர்' என்றே மாற்றி வைத்துவிடுங்கள்.

ஒன்டிரைவ், அதாவது ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் சேவை பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழையும்போது, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை ஒன்டிரைவ் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டு இணையத்தில் ஏற்ற ஆரம்பித்துவிடலாம். இலவச இடம் 5 ஜிபிதான். இங்கே நெட் இருக்கிற வேகத்துக்கு அது ஏறி முடிவதற்குள் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வேறு வரும். சரி, வேண்டாம் என்று ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்தினால், டெஸ்க்டாப் திடீரென்று காலியாகத் தெரியலாம். யாரும் பதற வேண்டாம், ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில்தான் இருக்கும். அங்கிருந்து எடுத்துப் பழைய இடத்தில் போடுங்கள். இந்த வேலையை அவர் பார்க்கும்போது செய்யாதீர்கள். டீ குடிக்க அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

அணைப்பதற்கு, ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் ஷட் டவுன் இருக்கிறது. போதும்.

திருப்பி வைக்க முடியாதவை

விண்டோஸ் 8-லும் 10-லும் இருந்த, தானாக மாறிக்கொண்டே இருக்கும் கட்டங்கள் ஸ்டார்ட் மெனுவிலிருந்து போய்விட்டன. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். "இது இனி இல்லை அண்ணா" என்றால் ஒரு நாள் கோபத்தோடு போகும். "பார்க்கலாம், வந்தாலும் வரும்" என்றால் மாதம் முழுக்கக் கேட்பார்கள். பழைய தோற்றத்தை அப்படியே கொண்டுவருகிறோம் என்று வெளியார் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. உங்கள் சொந்த லேப்டாப்பில் போட்டு விளையாடுங்கள். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் அவை குழம்பிப்போவது உண்டு. ஆபீஸ் மெஷினில் வேண்டாம்.

புதுசு பிடித்தவர்களும் இருக்கிறார்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார், மூலை எல்லாம் வட்டமாக அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். டார்க் மோடு போட்டுத் தரச் சொன்னார். அவருக்கு நான் எதையும் திருப்பி வைக்கவில்லை. கேட்காதவருக்குப் பழசைக் கொண்டுவருவதும் தொல்லைதான்.

பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருந்தால், 'குயிக் அசிஸ்ட்' என்று விண்டோஸோடு வருகிற ஒன்று உதவும். கன்ட்ரோல், விண்டோஸ், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவி செய்பவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு செக்யூரிட்டி கோடு (code) எடுத்துத் தருவார், அப்பா இங்கே அதை அடித்துச் சம்மதம் கொடுத்தால் மகளுக்கு அங்கே திரை தெரியும். மகள் போன் செய்து சொன்னால் மட்டும்தான் இது. "கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம்" என்று எவன் கோடு சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு "வேண்டவே வேண்டாம், பழசையே போடு" என்றால், அப்கிரேடு செய்த முதல் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் 'கோ பேக்' வேலை செய்யும். ஃபைல்கள் போகாது. ஆனால் விண்டோஸ் 10-இன் நிலைமை மேலே சொன்னதுதான், அதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பத்து நாள் முடியும் முன் நீங்களாகவே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

கோபம் இன்னும் மீதி இருந்தால் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. விண்டோஸ் கீயும் எஃப் எழுத்தும் அழுத்தினால் 'ஃபீட்பேக் ஹப்' திறக்கும், புகாரை நேராக மைக்ரோசாஃப்டுக்கே அனுப்பலாம். கிளார்க் அண்ணா நின்றபடியே சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன்: "ரைட் கிளிக் பண்ணா எல்லாத்தையும் காட்டுங்க, ஒளிச்சு வைக்காதீங்க. நான் தேடிட்டு இருக்கிற நேரத்துல வாசல்ல இலை லாரி நிக்குது." லாரியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். லாரியோடு சேர்த்தே அனுப்பினேன்.