பின்சக்கரம் லீஃப் ஸ்பிரிங்கில் உரசுகிறதா? பழைய டஸ்டர்காரர்கள் செய்யும் தவறுகள்

1970ல் வந்த, அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தின் பிளைமவுத் டஸ்டர் 340 சின்ன உடம்புக்குள் 340 கன அங்குல வி8 எஞ்சினை அடக்கிய கார். தொழிற்சாலைக் கணக்கில் 275 குதிரைசக்தி. அத்தனை சக்திக்கும் அன்று கொடுத்தது 5.5 அங்குல அகல ரிம், அதில் இ70-14 டயர். இன்று அதை வாங்குகிற யாரும் அந்த ஒல்லி டயரோடு நிறுத்துவதில்லை. அகலமான டயர் மாட்டுகிறார்கள், முதல் திருப்பத்திலேயே பின்னாலிருந்து ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் வருகிறது. கழற்றிப் பார்த்தால் டயரின் உள்பக்கச் சுவரில் ஒரு வளையம் பளபளவென்று தேய்ந்திருக்கும், காரின் பின்பக்கத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் என்ற இரும்புப் பட்டை அடுக்கின் ஓரத்தில் பெயின்ட் போய் இரும்பு மின்னும்.

உடனே செய்கிற முதல் தவறு, காரின் பின்பக்கத்தைத் தூக்குவது. நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் துண்டு) போடுவார்கள், இல்லாவிட்டால் ஏர் ஷாக் (காற்று நிரப்பும் ஷாக் அப்சார்பர்) போட்டுக் காற்றடிப்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்பிரிங் ஆக்சிலோடு, அதாவது பின்சக்கர அச்சோடு, யு-போல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. டயரும் அதே ஆக்சிலில்தான் இருக்கிறது. பாடியை எவ்வளவு உயர்த்தினாலும் இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறாது. தூக்கினால் கூடுவது ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) விளிம்புக்கும் டயருக்கும் உள்ள இடம் மட்டும்தான். உள்பக்க உரசலுக்கு அது மருந்தே அல்ல. அதோடு நீள ஷேக்கிள் ஸ்பிரிங்கைச் சாய்த்துப் பினியனின் (எஞ்சின் பக்கமிருந்து வரும் சுழல்தண்டு ஆக்சிலில் சேரும் பல்சக்கரம்) கோணத்தை மாற்றிவிடும், வேகம் பிடித்ததும் அதிர்வு வரும். திருப்பத்தில் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடவும் செய்யும். ஏர் ஷாக்கின் கதை இன்னும் மோசம். காரின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத ஷாக் மவுண்டின் மேல் அந்தச் சுமை போய் விழுகிறது. விரிசல் விட்ட மவுண்டுகளைப் பார்த்தவர்கள் அதை மறுபடி போடமாட்டார்கள்.

அதனால் எந்த இடத்தில் உரசுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கிலா, வெளியே ஃபெண்டரிலா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஸ்பிரிங் பக்கம் அரை அங்குலம், அதாவது 12-13 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலும் போதும். ஃபெண்டர் பக்கம் அது போதாது. பாடி சாயும், பள்ளத்தில் இறங்கும், அதனால் அங்கே முக்கால் அங்குலமாவது வேண்டும்.

அளக்கும்போது நடக்கிற தவறுதான் அதிகப் பணத்தை விழுங்குகிறது. காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளப்பார்கள். தொங்கும் ஸ்பிரிங் வளைந்து நிற்கும். எடை இறங்கியதும் அது நிமிர்ந்து நீளும், ஆக்சில் பின்னோக்கி நகரும், ஃபெண்டருக்குக் கீழே டயர் நிற்கும் இடமே வேறாகிவிடும். கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது அளந்ததுதான் அளவு. இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் நண்பரின் டஸ்டரில் இடப்பக்கம் மட்டும் உரசியது. வலப்பக்கம் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டைவிரல் தாராளமாகப் போனது, இடப்பக்கம் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. யு-போல்ட்டைத் தளர்த்தி ஆக்சிலைத் தூக்கினோம். ஸ்பிரிங் உட்காருவதற்காக ஆக்சிலில் வெல்ட் செய்த மேடையில், ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை உட்கார வேண்டிய துளை தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. ஆக்சில் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துபோயிருந்தது. மேடையை மாற்றி, புது யு-போல்ட் போட்டதும் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. அவர் அதற்கு முன்பே ஒரு ஜோடி ரிம் வாங்கி வைத்திருந்தார், அது இன்னும் பெட்டியில் கிடக்கிறது. பழைய யு-போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும், மரையும் களைத்திருக்கும்.

ரிம் வாங்குவதில் இன்னொரு குழி இருக்கிறது. பேக்ஸ்பேசிங் என்பது ரிம் ஹப்பில் (சக்கரம் மாட்டும் ஆக்சில் முனை) உட்காரும் முகத்திலிருந்து அதன் உள் விளிம்பு வரை உள்ள தூரம். 7 அங்குல ரிம், ஆஃப்செட் பூஜ்யம் (ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் சரிநடுவில்) என்றால் பேக்ஸ்பேசிங் 3.5 என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். 7 என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டும்தான். இரு பக்க உதடுகளையும் சேர்த்தால் ரிம் ஏறக்குறைய 8 அங்குலம், அதனால் பேக்ஸ்பேசிங் 4. இந்த அரை அங்குலம்தான் உங்களிடம் இருந்த மொத்த இடமும். டயர் ரிம்மைத் தாண்டிப் பிதுங்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். 235/60ஆர்15 டயரின் அகலம் 235 மில்லிமீட்டர், சுமார் 9.25 அங்குலம். 7 அங்குல ரிம்மில் அது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலத்துக்கு மேலேயே வெளியே நிற்கும். உயரம் 26 அங்குலத்துக்குச் சற்று மேல், பழைய டயருக்குக் கிட்டத்தட்ட சமம், அதனால் அந்தக் கவலை இல்லை.

இந்தக் காரில் சக்கரப் போல்ட்டுகள் 4 அங்குல வட்டத்தில் ஐந்து. கடையில் சுலபமாகக் கிடைக்கும் ரிம்கள் பெரும்பாலும் 4.5 அங்குலம். நடுவில் ஒரு அடாப்டர் போட்டுச் சமாளித்தால் அதன் தடிமன் அளவுக்குச் சக்கரம் வெளியே தள்ளப்படும், ஸ்பிரிங்கை விட்டு ஃபெண்டரில் இடிக்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய ஸ்பேசர் தட்டு தவறில்லை, ஆனால் நட்டானது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏறியிருக்க வேண்டும். அப்புறம், அந்தக் காலத்துக் கிரைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. தெரியாமல் வழக்கம்போலத் திருகி போல்ட்டை முறித்தவர்கள் நிறையப் பேர்.

ஸ்பிரிங்கின் ஓரத்தைக் கிரைண்டரால் இழைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ‘கால் அங்குலம்தானே’ என்று தோன்றும். இழைத்த கோட்டில்தான் விரிசல் பிறக்கும், முக்கியப் பட்டை உடைந்தால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்த வேறொன்றும் இல்லை. கேஸ் வெல்டிங் சூடு காட்டி வளைப்பதும் அதே ரகம், பதம் போய்விடும்.

நிஜமாகவே இடம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே அரை அங்குலம் உள்ளே நகர்த்தும் கிட் இருக்கிறது. அதைச் செய்வதென்றால் முழுதாகச் செய்யுங்கள். முன் பிடியையும் பின் ஷேக்கிளையும் நகர்த்திவிட்டு ஆக்சில் மேடையை விட்டுவிட்டால் ஸ்பிரிங் நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்கும். மேடையைப் புது இடத்தில் வெல்ட் செய்வதற்கு முன்னால் பினியன் கோணத்தைச் சரிபாருங்கள். ஒரே மூச்சில் வெல்ட் அடித்தால் குழாய் வளையும், விட்டுவிட்டு ஆறவைத்து அடிக்க வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு ரப்பர் புஷ் (ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் உறை) இருக்கும் போல்ட்டுகளை, கார் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு இருக்கும், சீக்கிரம் கிழியும். பிறகு டயரின் உள்சுவரிலும் தோளிலும் சாக்பீஸ் தடவி, பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து, காலி மைதானத்தில் இரு பக்கமும் திருப்பி ஓட்டிப் பாருங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அந்த இடத்தில் இன்னும் வேலை பாக்கி.