கிட் காருக்குள் கார்பெட் போடுவது எப்படி? அளவெடுப்பதிலிருந்து சீட் போல்ட் வரை

கம்பெனியிலிருந்து வரும் காரில் தரைக்கென்றே அச்சில் வார்த்த கார்பெட் இருக்கும். எடுத்து விரித்தால் தானாக உட்கார்ந்துவிடும். பாகங்களைத் தொகுப்பாக வாங்கி வீட்டில் கட்டிய கிட் காருக்கு அந்த வசதி இல்லை. ஒரே கிட்டில் கட்டிய இரண்டு கார்களில்கூட டனலின் (இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர்பாக்ஸை மூடி ஓடும் மேடு) அகலமும், ஹேண்ட் பிரேக் வரும் இடமும், தகடு மடிந்த விதமும் சற்று மாறியிருக்கும். கிட்டோடு வெட்டித் தரும் கார்பெட் செட்டையும் அதனால் அப்படியே நம்பி ஒட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் திருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே சொல்வது குழாய் சேஸிஸும் அலுமினியத் தகடு அல்லது ஃபைபர் கிளாஸ் உடலும் உள்ள இரண்டு சீட் காருக்கானது. வேலையில் பாதிக்கு மேல் பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். அந்தப் பாதியில் அவசரப்பட்டவர்களின் கார்பெட்தான் பின்னால் தொங்குகிறது, சுருங்குகிறது, நாறுகிறது.

ஆரம்பிக்கும் முன்

வயரிங், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஹீட்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் முடிந்து, வண்டி கொஞ்ச தூரம் ஓடியிருக்க வேண்டும். கார்பெட் ஒட்டிய பிறகு ஒரு வயரைத் தேடினால் ஒட்டியதைக் கிழிக்க வேண்டிவரும்.

அடுத்தது தண்ணீர் சோதனை. தரையில் செய்தித்தாளை விரித்து, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் முன் கண்ணாடியின் அடிப்பகுதி, கதவு ஓரம், ஃபயர்வால் (என்ஜினையும் உள்ளறையையும் பிரிக்கும் சுவர்) துளைகள் என்று ஒவ்வோர் இடமாகப் பத்து நிமிடம் ஹோஸில் தண்ணீர் விடட்டும். காகிதத்தில் விழும் சொட்டு, ஒழுகும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒழுகலை அடைக்க பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள், சிலிகான் வேண்டாம். சிலிகான் பட்ட இடத்தில் கார்பெட் பசை பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் அதன் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும்.

மூன்றாவது, பலரும் மறந்துவிடும் சீட் அகலம். 6 மி.மீ. ஃபோமின் மேல் 8 மி.மீ. கார்பெட் என்றால் ஒரு சுவருக்கு 14 மி.மீ. டனல் பக்கமும் சில் (கதவுக்குக் கீழே ஓடும் சட்டம்) பக்கமும் சேர்த்தால் 28 மி.மீ. காணாமல் போகும். ஒடுக்கமான கார்களில் சீட் உள்ளே இறங்காது, இறங்கினாலும் ஸ்லைடர் நகராது. துணி வாங்கும் முன்பே சீட்டை வைத்து இடைவெளியை அளந்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் சீட் உரசும் பகுதியில் ஃபோமை விட்டுவிட்டு மெல்லிய கார்பெட் மட்டும் போடலாம்.

எந்தக் கார்பெட்?

முதல் தடவை செய்பவர்களுக்கு நீடில் பன்ச் (ஊசியால் குத்தி இழைகளைப் பிணைத்த) வகையில் இழுபடும் கார்பெட்டைத்தான் பரிந்துரைப்போம். வேன்களின் உள்சுவருக்குப் போடுவது இதுதான். 3 முதல் 4 மி.மீ. தடிமன் இருக்கும், நான்கு பக்கமும் இழுபடும், வீல் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேல் உள்ள பகுதி) வளைவில் மடிப்பு விழாமல் படியும், வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. பார்வைக்குக் கொஞ்சம் சாதாரணமாக இருக்கும் என்பதுதான் குறை. குஞ்சம் வைத்த டஃப்டட் கார்பெட் அழகாக இருக்கும், ஆனால் வளையாது, ஓரம் தைத்தே ஆக வேண்டும். சுவர்களுக்கு நீடில் பன்ச், தரைக்கு டஃப்டட் என்று கலந்து போடுவது நல்ல தீர்வு. ஆனால் இரண்டின் நிறமும் பொருந்துகிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குப் போடும் கார்பெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். சணல் முதுகு உள்ளது தண்ணீரைக் குடித்து மக்கிப்போகும். தீ விஷயமும் இருக்கிறது. வாகன உட்புறத் துணிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதியான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302-இன்படி, தீ பரவும் வேகம் நிமிடத்துக்கு 102 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. வாகனத்துக்கென்று விற்கும் கார்பெட்டில் இந்தத் தகவலைக் கேட்டு வாங்குங்கள்.

இழை என்ன என்பதும் முக்கியம். பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். நைலான் 6 சுமார் 220 டிகிரி வரை தாங்கும். ஹீட் கன் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

அளவு: 2 மீட்டர் அகலத் துணி என்றால் 3 மீட்டர் நீளம் இந்த அளவுக் காருக்குப் பொதுவாகப் போதும், கழிவும் அதில் அடக்கம். டிக்கிக்கும் போடுவதானால் இன்னும் ஒரு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பசையும் மற்ற பொருட்களும்

வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசைதான் வேண்டும். டப்பாவில் 100 டிகிரி அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். கைவினை வேலைக்கு விற்கும் சாதாரண ஸ்ப்ரே பசை, கியர்பாக்ஸ் சூட்டில் இளகிவிடும். டனலில் கார்பெட் தொங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இரண்டு பரப்பிலும் பூச வேண்டும், கார்பெட்டின் முதுகு கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். எனவே 6 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே தேவைப்படுபவை:

- உடைத்து நீட்டும் கட்டர், ஒரு பெட்டி மாற்று பிளேடு
- தடித்த காகிதம் அல்லது மெல்லிய அட்டை, மாஸ்கிங் டேப், சாக்பீஸ்
- கை ரோலர், மழுங்கிய பிளாஸ்டிக் பட்டி
- ஹீட் கன், பழைய சால்டரிங் அயர்ன்
- 80 அல்லது 120 எண் உப்புத்தாள், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்
- தகட்டின் அதிர்வை அடக்கும் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட், தண்ணீரை உறிஞ்சாத 6 மி.மீ. குளோஸ்டு செல் ஃபோம்
- கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிஜ் வைத்த முகமூடி

கடைசியாகச் சொன்னதைத் தூசி மாஸ்க் போட்டுச் சமாளிக்க முடியாது. பசையின் ஆவி துணி மாஸ்க்கைத் தாண்டி வரும், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பசை வேலையும் ஹீட் கன் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது.

சத்தத்துக்கும் சூட்டுக்கும்

பியூட்டைல் ஷீட்டைச் சுவர் முழுக்க ஒட்டத் தேவையில்லை. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ எடை. இலேசான காரில் அது வீண் சுமை. தகட்டை முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று நீளமாக ஒலிக்கும் பகுதியின் நடுவில் ஒரு துண்டு ஒட்டி ரோலரால் அழுத்தினால் சத்தம் 'டப்' என்று செத்துவிடும். பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினால் போதும்.

அதன் மேல் ஃபோம். கட்டாயம் குளோஸ்டு செல் வகையாக இருக்கட்டும். பஞ்சு, ஃபெல்ட் வகைகள் ஈரத்தைப் பிடித்து வைத்து, அடியில் சேஸிஸ் குழாய் துருப்பிடிக்க வழிசெய்யும். ரிவெட் தலைகள் கார்பெட்டில் முகப்பருவாகத் தெரியாமல் மறைவதும் ஃபோமால்தான். சைலன்சர் குழாய் ஓடும் பக்கத்துக்கு அலுமினிய முகம் வைத்த வெப்பத் தடுப்பு தனியாக வேண்டும்.

அட்டை அச்சு

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஃபோம் ஒட்டிய பிறகே அச்சு எடுங்கள். முன்பே எடுத்தால் அதன் தடிமன் கணக்கில் வராமல் துண்டு குட்டையாகிவிடும்.

காகிதத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, மூலையில் விரல் நகத்தால் அழுத்தி மடிப்புக் கோடு ஏற்படுத்தி, அதன் மேல் வெட்டுங்கள். ஒரே காகிதத்தில் முழு வடிவத்தையும் பிடிக்க முயல வேண்டாம். சின்னச் சின்னத் துண்டுகளை மூலை மூலையாக வைத்து டேப்பால் இணைத்தால் துல்லியம் கூடும். பிறகு அதை அட்டையில் படியெடுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: துண்டின் பெயர், அறையைப் பார்க்கும் முகத்தில் 'மேல்', காரின் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி.

இந்த 'மேல்' எதற்கு? கார்பெட்டை எப்போதும் முதுகுப் பக்கம்தான் கோடு போட்டு வெட்டுவோம். அப்போது 'மேல்' என்று எழுதிய முகம் கார்பெட்டின் முதுகில் படும்படி அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்து வெட்டினால் வலது பக்கத் துண்டு இடது பக்கத்துக்கு உரியதாக வந்து நிற்கும். துணி வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

அம்புக்குறி இழை சாயும் திசைக்காக. கார்பெட்டைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். வழுவழுப்பான திசையை முதுகில் ஒவ்வொரு முழத்துக்கும் ஓர் அம்புக்குறியாகச் சாக்பீஸில் போடுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் வர வேண்டும். துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டை மட்டும் தலைகீழாக வெட்டினால், வெளிச்சத்தில் அது வேறு நிறம்போலத் தெரியும்.

மூலைகளுக்கு: சுவர்த் துண்டு தரையில் 25 முதல் 30 மி.மீ. மடிந்து வரட்டும், தரைத் துண்டு அதை மூடட்டும். இப்படி ஒன்றின் ஓரத்தை அடுத்தது மறைத்தால், சற்று முன்பின்னாக வெட்டியதும் வெளியே தெரியாது.

ஒட்டுவது

ஃபைபர் கிளாஸை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பரப்பில் மெழுகுப் படலம் இருந்தால் பசை உரிந்து வரும். அலுமினியத்தையும் இலேசாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

வரிசை இது: பின்சுவர், வீல் ஆர்ச், சில்லின் உள்பக்கம், டனலின் பக்கங்கள், டனலின் மேல், கால் வைக்கும் பகுதியின் சுவர்கள். தரை கடைசியில். முதல் துண்டாகப் பின்சுவரை எடுப்பதில் ஒரு லாபம், சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் பழகும்போது வரும் பிசிறு மறைந்துவிடும்.

துண்டைப் பசையில்லாமல் வைத்து, டேப்பால் பிடித்து, நடுக்கோட்டைத் துண்டிலும் சுவரிலும் குறியுங்கள். கான்டாக்ட் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் ஒரு பாதியை மட்டும் மடித்துத் திறந்து, அந்தப் பாதிக்கும் சுவருக்கும் பசை போடுங்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நல்லது. தடிமனாகப் போட்டால் நீடில் பன்ச் கார்பெட்டில் பசை ஊறி முகத்துக்கு வந்து, இறுகிய கறுப்புத் திட்டாக நிற்கும், அது போகவே போகாது.

எவ்வளவு நேரம் காயவிடுவது என்பதை டப்பா சொல்லும். பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். கடிகாரத்தைவிட விரல் முட்டியை நம்புங்கள். தொட்டால் ஒட்டுவதுபோல் இருக்க வேண்டும், எடுத்தால் நூலாக இழுபடக் கூடாது. நூல் வந்தால் கரைப்பான் உள்ளே மிச்சமிருக்கிறது. அப்போது மூடினால் ஆவி சிக்கிக் கொப்புளம் கிளம்பும். பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ரோலரால் அழுத்தி, மூலைகளைப் பிளாஸ்டிக் பட்டியால் உள்ளே தள்ளுங்கள். பிறகு மறுபாதி.

வீல் ஆர்ச்சில் நடு உச்சியில் தொடங்கி இரு பக்கமும் இழுத்துக்கொண்டே இறங்குங்கள். பசை பதத்துக்கு வந்து ஆவி வெளியேறியபின், மடிப்பு விழும் இடத்தில் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே சூடேற்றினால் துணி இளகிப் படியும். இழை பளபளக்க ஆரம்பித்தால் உருகத் தொடங்கிவிட்டது, உடனே விலக்குங்கள். ஓர மடிப்பில் துணி மிஞ்சி மேடு கட்டினால் V வடிவில் வெட்டி எடுக்கவும். துணி பற்றாமல் இழுத்தால் 20 மி.மீ.-க்கு ஒன்றாக நேர்வெட்டு போடவும். இரண்டிலும் மடிப்புக் கோட்டுக்கு 3 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள்.

டனலின் மேல்மூடியைச் சேஸிஸோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். மூடியைக் கழற்றி, கார்பெட்டால் போர்த்தி, அடியில் 25 மி.மீ. மடித்து ஒட்டி, திருகால் பூட்டுங்கள். ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்டர், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிரீஸ் நிப்பிள், ஃபியூஸ் பெட்டி என்று மறுபடி கை போக வேண்டிய எந்த இடத்துக்கும் இதே முறைதான்.

துளைகள்

கார்பெட்டை ஒருபோதும் டிரில் செய்யாதீர்கள். பிட்டில் ஓர் இழை மாட்டினால் போதும், ஒரு நொடியில் நீளமாக உருவிக்கொண்டு வந்து, டஃப்டட் கார்பெட்டில் ஒரு வரி முழுவதையும் வழுக்கையாக்கிவிடும். அடியிலிருந்து ஊசி குத்தி இடத்தைக் கண்டுபிடித்து, சூடான சால்டரிங் அயர்னால் சுட்டுத் துளையிடுங்கள். ஓரம் உருகி இறுகிவிடுவதால் பிரியாது. இதையும் பசை முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகே செய்ய வேண்டும்.

சீட் பெல்ட் போல்ட்டுக்கு வெறும் துளை போதாது. பொதுவாக 7/16 அங்குல யு.என்.எஃப். (நெருக்கமான மரை) போல்ட்தான் வரும். பிராக்கெட் உட்காரும் அளவுக்கு வட்டமாகக் கார்பெட்டையும் ஃபோமையும் வெட்டி எடுத்துவிடுங்கள். உலோகத்தோடு உலோகம் நேராக உட்கார வேண்டும். இடையில் கார்பெட் சிக்கினால் நாளடைவில் நசுங்கி, முறுக்கிய இறுக்கம் போய்விடும். சீட் ரன்னரின் போல்ட்டுக்கும் இதே கதைதான்.

தரை

தரைத் துண்டை ஒட்ட வேண்டாம். கழற்றிக் காயப்போட முடிந்தால்தான் திறந்த காரில் கார்பெட் நீடிக்கும். நாலு பக்கமும் ரெக்சின் பட்டை வைத்துத் தையுங்கள். 40 மி.மீ. அகலப் பட்டையை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தைத்து, முதுகுக்குத் திருப்பி மறுபடி ஒரு தையல். மூலைகளை 25 மி.மீ. ஆரத்துக்கு வட்டமாக்கிவிடுங்கள், சதுர மூலையில் பட்டை குவிந்து நிற்கும். ரப்பர் முதுகு உள்ள தடித்த கார்பெட் வீட்டுத் தையல் மெஷினுக்கு அடங்காது. சீட் தைக்கும் கடையில் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஓட்டுநர் பக்கத் துண்டை பிரஸ் பட்டனால் குறைந்தது நான்கு இடத்தில் பிடித்துவைக்க வேண்டும். வெல்க்ரோவை மட்டும் நம்ப வேண்டாம், குதிகால் தள்ளத் தள்ள அது நகரும். குதிகால் படும் இடத்தில் ரப்பர் பட்டை ஒன்று தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் ஓட்டை விழுவது அங்கேதான்.

வழக்கமாக ஓட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு, என்ஜின் ஓடாமல், ஒவ்வொரு பெடலையும் கடைசி வரை மிதித்து விடுங்கள். ஆக்ஸிலரேட்டர் கார்பெட்டில் சிக்காமல் தானே திரும்பி வர வேண்டும். பக்கச் சுவரின் இழை பெடல் கம்பியை உரசினாலும் அந்த இடத்தை வெட்டியே ஆக வேண்டும்.

பசை முழுப் பிடிப்புக்கு வர 24 மணி நேரம் ஆகும். அதுவரை கதவுகளைத் திறந்தே வையுங்கள், வெயிலில் நிறுத்தாதீர்கள். மறுநாள் ஓரங்களை விரலால் தூக்கிப் பாருங்கள். எழும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் பசை தடவி, பதம் வந்ததும் அழுத்தினால் போதும். அதன் பிறகு சீட்டை ஏற்றி, சீட், பெல்ட் போல்ட்டுகளை கிட் கையேடு சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசையின் அளவு) முறுக்குங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே போல்ட்டுகளில் டார்க் ரெஞ்சை மறுபடி வைத்துச் சரிபார்க்க வேண்டும்.