அப்பாவின் வால்வு ரேடியோவுக்கு 90 வோல்ட் பேட்டரி செய்த விதம்

இலங்கையின் அட்டனில் தோட்டத்துக் கிளாக்கராக இருந்த அப்பா, 1970இல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தபோது இரண்டு டிரங்குப் பெட்டிகளும், கைப்பிடி வைத்த, கண்ணாடிக் குழல்களால் ஓடும் ஒரு வால்வு ரேடியோவும் கொண்டுவந்தார். கோத்தகிரிக்கு வந்து பேட்டரி தீர்ந்ததும் ரேடியோ அலமாரி மேல் ஏறிவிட்டது. கடைசிவரை வாரம் ஒருமுறை அதைத் துடைத்து வைப்பார். அவர் போன பிறகுதான் நான் அதைப் பேச வைத்தேன். இப்படி ஒரு ரேடியோ உங்கள் வீட்டிலும் இருந்தால், நான் செய்தது உங்களுக்கும் உதவும்.

முதலில் பின்மூடியைத் திறந்து வால்வுகளின் எண்ணைப் படியுங்கள். என்னுடையதில் டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96. இவை பேட்டரிக்கென்றே செய்த வால்வுகள். வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பியான இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், மின்னோட்டத்தை வாங்கும் தகடான ஆனோடுக்கு 90 வோல்ட் என்று தனித்தனியாக இரண்டு சப்ளை வேண்டும். மின்சாரத்திலும் ஓடுகிற சில செட்டுகளில் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்திருப்பார்கள். அவற்றுக்கு 1.5 வோல்ட் போதாது. ஆகவே உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்காமல் எதையும் இணைக்க வேண்டாம்.

90 வோல்ட்டுக்குப் பத்து ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்குங்கள், மல்டிமீட்டரில் போடுகிற சதுரப் பேட்டரிதான். ஒன்றின் சின்னப் பித்தான் அடுத்ததன் பெரிய பித்தானுக்குள் அப்படியே மாட்டிக்கொள்ளும். சால்டரிங் தேவையில்லை. மேலும் கீழுமாக மாறி மாறி மாட்டிக்கொண்டே போனால் பத்தும் ஒரே சங்கிலியாகிவிடும், இரு முனையில் மட்டும் ஒவ்வொரு பித்தான் மிஞ்சும். அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. கை பட்டாலும் நன்றாக ஷாக் அடிக்கும். நான் இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டினேன். என் ரேடியோ இதிலிருந்து இழுப்பது சுமார் 10 மில்லி ஆம்பியர்தான், அதனால் அல்கலைன் பேட்டரி போட்டால் தினம் ஒரு மணி நேரம் கேட்டாலும் ஒரு மாதத்துக்கு மேல் வரும்.

1.5 வோல்ட்டுக்கு டார்ச் லைட்டில் போடும் பெரிய பேட்டரிக் கட்டை ஒன்று. என் நான்கு வால்வுக்கும் சேர்த்து இழை மின்னோட்டம் 125 மில்லி ஆம்பியர், அதை அது தாங்கும். இங்கே லித்தியம் செல்லை வைத்துவிடாதீர்கள், 3.7 வோல்ட் இழையைத் தின்றுவிடும். ரீசார்ஜ் கட்டை 1.2 வோல்ட்தான் தரும். கொஞ்சம் இறங்கினாலும் டிகே96 தனக்குள் அலையை உண்டாக்குவதை நிறுத்திவிடும், ஷார்ட்வேவ் முதலில் போய்விடும்.

ஒரு சின்ன செல்லிலிருந்து 90 வோல்ட் ஏற்றித் தரும் கன்வெர்ட்டர் போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. நானும் ஒன்று வாங்கிப் பார்த்தேன். மீடியம்வேவ் முழுக்க ஒரே இரைச்சல். தகர டப்பாவில் அடைத்து ஃபில்டர் போட்டால் குறையும். ஆனால் பேட்டரி தரும் அமைதி அதில் இல்லை, நான் திரும்பவும் பத்துப் பேட்டரிக்கே வந்துவிட்டேன்.

இப்போது வயர்கள். ரேடியோவிலிருந்து நான்கு வயர் வரும். 90இன் மைனஸும் 1.5இன் மைனஸும் ஒன்றுதானே என்று பேட்டரிப் பக்கத்திலேயே முடிச்சுப் போடத் தோன்றும். போடாதீர்கள். பல செட்டுகளில் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது, டிஎல்96இன் கிரிட்டுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலைக்கு, மைனஸ் வோல்ட்டேஜ் அதிலிருந்துதான் கிடைக்கிறது. முடிச்சுப் போட்டு அந்த ரெசிஸ்டரை ஷார்ட் செய்துவிட்டால் ஒலி கரகரக்கும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

இன்னொன்று, இது நான் பட்டது. முதல் தடவை அவசரத்தில் 90ஐ இழை வயரில் மாட்டிவிட்டேன். ஒரே நொடியில் நான்கு வால்வும் போய்விட்டன. மாற்று வால்வு தேடி எட்டு மாதம் அலைந்தேன். அன்றிலிருந்து முதல் சோதனையில் 90இன் பிளஸ் வயரில் 4.7 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுகிறேன். வயர் தப்பாக இருந்தாலும் 19 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது, 25 மில்லி ஆம்பியர் இழைகூடத் தப்பிக்கும். ரெசிஸ்டரோடு ரேடியோ மெலிசாகத்தான் பேசும், அது போதும். சரியென்று தெரிந்ததும் அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வையுங்கள். 8 முதல் 12 வரை காட்டினால் நல்லது. 20ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், பெரும்பாலும் பழைய கண்டென்சர் கசிகிறது. டிஎல்96 கிரிட்டுக்குப் போகும் 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சரையும், 90 வோல்ட்டுக்குக் குறுக்கே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் சோதிக்காமலே மாற்றிவிடலாம்.

பழைய பேட்டரியின் கூடு இருந்தால் எறியாதீர்கள். அப்பாவுடையதைக் கையுறை போட்டுப் பிரித்தேன், உள்ளே எல்லாம் வெள்ளைப் பொடி. மேலிருந்த சாக்கெட் மட்டும் நல்லபடியாக இருந்தது. அதையே புது அட்டைப் பெட்டியில் பொருத்தியதால் ரேடியோவின் பிளக்கை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸில் தெளிவாக வருகிறது. கேட்டு முடித்ததும் டார்ச் கட்டையை வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன். முதலில் ஒழுகுவது அதுதான்.