ஃபோரேயின் ரெக்வியெம்: முதல் பகுதியைப் பாடப் பழகுவது எப்படி?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு, சின்ன வயதிலிருந்தே மனப்பாடமான அந்தச் செபத்தைச் சொல்வோம்: “நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக.” இதன் இலத்தீன் மூலத்தின் முதல் சொல்தான் ‘ரெக்வியெம்’. இறந்தோருக்கான திருப்பலி இசைக்கும் அதுவே பெயர். மொத்சார்ட், வெர்டி, ஃபோரே எல்லாரும் இசையமைத்தது இந்தச் செபத்துக்குத்தான். ஆகவே இலத்தீன் தெரியாது என்று தயங்க வேண்டாம். பொருள் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது, ஒலியையும் அளவையும் மட்டும் பழகினால் போதும்.

நான் எடுத்துக்கொள்வது பிரெஞ்சு இசையமைப்பாளர் கபிரியேல் ஃபோரேயின் ரெக்வியெமில் முதல் பகுதி. ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், குரலைப் பிழியும் உச்ச சுரங்களும் அதிகம் கிடையாது. புதிதாகச் சேர்ந்திசைக்கு வருபவர்களுக்கு மொத்சார்ட்டைவிட இதுவே நல்ல வாசல் என்பது என் கருத்து.

படி 1: முதலில் கேளுங்கள், கூடவே பாடாதீர்கள்

பாரிஸில் மதலேன் ஆலயத்தின் பாடகர் குழுவை ஃபோரே நடத்திவந்த காலம் அது. ஒரு கட்டடக் கலைஞரின் நினைவுத் திருப்பலியில், 1888 ஜனவரி 16 அன்று, இது முதன்முதலாகப் பாடப்பட்டது. அப்போது ஐந்தே பகுதிகள். பிறகு இரண்டைச் சேர்த்து 1893-இல் ஏழாக்கினார். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான வடிவம் 1900-இல் வந்தது. 1893 வடிவத்தில் ஒரே ஒரு தனி வயலின்தான். மற்றபடி வயோலா, செல்லோ போன்ற கனத்த நரம்புக் கருவிகளும் ஆர்கனும் முன்னால் நிற்கும். இரண்டு வடிவத்தின் பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. பழகுவதற்கு 1893 வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் குரல்கள் தெளிவாகக் கேட்கும்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தீர்ப்பு நாளின் பயங்கரத்தைச் சொல்லும் ‘தியெஸ் ஈரே’ என்ற நீண்ட பாடலை, வெர்டி இடி முழக்கமாக்கிய அதே பாடலை, ஃபோரே கிட்டத்தட்ட முழுவதுமாக விட்டுவிட்டார். அதன் கடைசி வரியை மட்டும் ‘பீயே யேசு’ என்று தனிக்குரல் பாட்டாக வைத்துக்கொண்டார். பயமுறுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. இதைப் பாடுபவர்களும் பயமுறுத்தக் கூடாது.

படி 2: வரிகளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். இன்று பெரும்பாலான குழுக்கள் பின்பற்றும் உரோமை உச்சரிப்பில் வரிகள் இப்படி வரும்:

ரெக்வியெம் எத்தெர்னாம் தோனா எ-இஸ் தோமினே,
எத் லூக்ஸ் பெர்பெத்துவா லூச்செயாத் எ-இஸ்.
தே தெச்செத் இம்னுஸ் தேயுஸ் இன் சீயோன்,
எத் தீபி ரெத்தெத்தூர் வோத்தும் இன் யெருசலெம்.
எக்ஸாவுதி ஒராத்ஸியோனெம் மேயாம்,
ஆத் தே ஒம்னிஸ் காரோ வேனியெத்.
கீரியே எலேயிசோன், கிறிஸ்தே எலேயிசோன்.

முதல் இரண்டு வரிகளின் பொருள் மேலே சொன்ன செபமே. அடுத்த வரிகள் சங்கீதம் 65-இலிருந்து வருபவை: சீயோனில் உமக்குப் புகழ்ப்பாடல் தகும், எருசலேமில் உமக்கு நேர்ச்சை செலுத்தப்படும், என் வேண்டுதலைக் கேட்டருளும், எல்லா மாந்தரும் உம்மிடம் வருவர். கடைசி வரி இலத்தீனே இல்லை, கிரேக்கம். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று நாம் திருப்பலியில் சொல்வது அதைத்தான்.

தமிழ் நாக்குக்கு இதில் ஒரு வசதி உண்டு. இலத்தீனின் t, d ஒலிகள் நம் ‘த’தான், ‘ட’ அல்ல. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் ‘எட்டெர்னாம்’ என்பார்கள். முதல் ஒத்திகையில் நானும் அப்படித்தான் பாடினேன், பள்ளியில் பழகிய ஆங்கிலம் படுத்திய பாடு. யெருசலெம், யேசு, சீயோன் எல்லாம் நமக்குப் பழக்கமான சொற்களே.

சிக்கல் வேறு இடத்தில். நம் எழுத்தில் ஒரே ‘த’ இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. ‘தோனா’வின் முதல் எழுத்து தோசையின் ‘தோ’ போல அதிரும். ‘எத்தெர்னாம்’ என்பதில் வருவது பத்து, முத்து போல அழுத்தமானது. அதிரும் எழுத்துகளை, அதாவது தோனா, தோமினே, தெச்செத், தேயுஸ், எக்ஸாவுதி ஆகியவற்றில் வருவனவற்றை, பென்சிலால் வட்டமிடுங்கள். ‘ரெத்தெத்தூர்’ என்பதில் முதல் இரட்டை அதிரும், இரண்டாவது அழுந்தும். ‘பெர்பெத்துவா’வின் ‘பெ’ பெட்டியின் ‘பெ’. ‘தீபி’யில் ‘பி’ மட்டும் ‘அன்பில்’ என்று சொல்லும்போது வரும் ‘பி’.

இன்னும் இரண்டு. சொல் கடைசியில் மெய்யெழுத்து வந்தால் உகரம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு: ‘லூச்செயாத்து’, ‘எ-இஸ்ஸு’. நாற்பது பேர் சேர்ந்து அந்த உகரத்தைச் சேர்த்தால் கேட்கச் சகிக்காது. அப்புறம், ‘எ-இஸ்’ இரண்டு அசை. அவசரத்தில் ‘ஐஸ்’ ஆக்கிவிடாதீர்கள், அது வண்டியில் மணியடித்துக்கொண்டு வரும் சமாச்சாரம்.

படி 3: சுரம் இல்லாமல் பேசுங்கள்

இசைத்தாளைத் திறப்பதற்கு முன், விரலால் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வரிகளைச் சொல்லிப் பாருங்கள், கல்லறையில் செபம் சொல்லும் அதே குரலில். நான்கைந்து நாள் இதை மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை.

படி 4: உங்கள் குரலையும் சுருதியையும் பிடியுங்கள்

ஃபோரே 1924-இல் இறந்துவிட்டதால் இசைத்தாளின் பழைய பதிப்புகள் காப்புரிமை தீர்ந்து இலவசமாகவே கிடைக்கும். அதில் மேலிருந்து கீழாக நான்கு குரல்களின் வரிகள் இருக்கும்: பெண்களுக்கு சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களுக்கு டெனர், பாஸ். உங்கள் வரியை மட்டும் வண்ணப் பேனாவால் கோடிட்டுக்கொள்ளுங்கள். நோட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. குழுவில் யாரையாவது கீபோர்டில் உங்கள் வரியை வாசிக்கச் சொல்லி அலைபேசியில் பதிந்துகொள்ளலாம்.

இந்தப் பகுதி டி மைனர், அதாவது டி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட மைனர் சுரவரிசை. கர்நாடக இசை பழகியவர்கள் சுருதிப்பெட்டியை 2 கட்டைக்கு வைத்துக்கொள்ளலாம், நடபைரவியின் சுரங்கள் கைகொடுக்கும். ஆனால் கமகம் வேண்டாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகவும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் சுரத்தோடு உங்களுடையது அசையாமல் பொருந்தினால்தான் நான்கு குரலும் சேர்ந்து ஒரே ஒலியாகும்.

படி 5: தொடக்கம்

கருவிகள் எல்லாம் ஒரே டி சுரத்தை ஓங்கி ஒலிக்கும். அது அடங்கியதும் குழு மிகமிக மெல்லிய குரலில் ‘ரெக்வியெம் எத்தெர்னாம்’ என்று நுழையும், ஏறக்குறைய அசையாமல், ஒரே டி மைனர் இணைசுரத்தில் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ‘கார்ட்’). எளிதாகத் தோன்றும், ஆனால் மொத்தப் பகுதியிலும் கடினமான இடம் இதுதான். சன்னமாகப் பாடுவதற்கு அதிக மூச்சு வேண்டும். நுழைவதற்கு முன்பே வயிறு நிறைய மூச்சை எடுத்து, வாயை ‘ரெ’வுக்குத் தயாராக வைத்து, பாடகர் குழு நடத்துநரின் கையைப் பாருங்கள். தாளைப் பார்க்காதீர்கள். ஒருமுறை நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்து, நடத்துநர் கை வருமுன்னே தனியாக ‘ரெ’ என்றேன். அன்றைக்கு நல்ல வேளையாக ஒத்திகைதான்.

‘எத் லூக்ஸ் பெர்பெத்துவா’வில் குரல் வளர்ந்து திறக்கும், முடிவில்லாத ஒளி என்பதற்கு அதுதானே வேண்டும். பிறகு ‘லூச்செயாத் எ-இஸ்’ திரும்பத் திரும்ப வந்து தேயும். அந்தத் தேய்வில் மூச்சு போதாது. பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டு வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்குங்கள், கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது.

படி 6: மீதி

வேகம் சற்றுக் கூடியதும் டெனர்கள் மட்டும் முதல் வரியை ஒரு மெட்டாகப் பாடுவார்கள். மற்றவர்களும் இந்த மெட்டைக் கற்றுக்கொள்ளுங்கள், ‘கீரியே’யில் அதுவே திரும்பி வரும். ‘தே தெச்செத்’ சோப்ரானோக்களுக்கு மட்டும். ‘எக்ஸாவுதி’யில் நால்வரும் சேர்ந்து உரத்த குரலில் கேட்பார்கள், உடனே அதையே மெல்லச் சொல்வார்கள். உரத்துப் பாடியபின் தணிவதற்குத்தான் பயிற்சி தேவை, அந்த இரண்டு இடத்தையும் மாற்றி மாற்றிப் பத்து முறை பாடிப் பாருங்கள். ‘கிறிஸ்தே’யிலும் இதே கதைதான்.

கடைசி ‘எலேயிசோன்’ முடியும்போது ‘ன்’னை எப்போது மூடுவது என்று நடத்துநர் காட்டுவார். மூடியபின் தாளைப் புரட்டாதீர்கள். அவர் கை கீழே இறங்கட்டும்.