ஸ்டெப்பன்வுல்ஃப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெர்மன் ஹெஸ்ஸேயின் இந்த நாவல் 1927இல் வெளிவந்தது. அது அவருக்கு 50 வயது நிறைந்த ஆண்டு. நாயகன் ஹாரி ஹாலருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். தன்னுள் ஒரு மனிதனும் புல்வெளி ஓநாயும் ஓயாமல் சண்டையிடுகின்றன என்று நம்புகிறான். பெரும்பாலான வாசகர்கள் சறுக்குவது இங்கேதான். ஹாரியின் நம்பிக்கையையே நாவலின் தத்துவமாக எடுத்துக்கொண்டு, அறிவு ஒரு பக்கம், இச்சை மறு பக்கம் என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியலை நாவலே கிழித்துப் போடுகிறது. தெருவில் விளம்பரப் பலகை சுமந்து வரும் ஒருவன் ஹாரியிடம் ஒரு சிறு பிரசுரத்தைக் கொடுக்கிறான். வீட்டுக்கு வந்து பிரித்தால், அது அவனைப் பற்றியே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு என்ற கணக்கே பொய், ஒவ்வொருவனுக்குள்ளும் நூறு பேர், ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறது அது. ஓநாய்க்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்மாக்கள் உண்டாம். ‘இரண்டு ஆன்மாக்கள்’ என்று புலம்பும் ஃபவுஸ்டையும், அதாவது கதேயின் நாடக நாயகனையும், அது விட்டுவைக்கவில்லை. கட்டுரை நடையில் இருப்பதால் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறார்கள். இதைத் தாண்டியவர்களுக்கு, நாவலின் இறுதியில் ஹாரி நுழையும் மாய அரங்கம் வெறும் போதைக் கனவாகத்தான் தெரியும்.

முன்னுரையையும் விடாதீர்கள். அதைச் சொல்பவன் ஹாரி குடியிருந்த வீட்டுக்காரம்மாளின் உறவுப் பையன். ஒருநாள் மாடிப்படியில் ஹாரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். எதிரே துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் ஒரு நடை, அதில் தொட்டியில் வளரும் அரக்காரியாச் செடி. நடுத்தர வர்க்க வாழ்வை வெறுப்பதாகச் சொல்லித் திரிகிறவன், அந்த மெழுகு வாசனைக்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிறான். வெறுப்பும் ஏக்கமும் ஒரே மூச்சில் இருக்கின்றன. தத்துவம் பேசும் பக்கங்களைவிட இந்தப் படிக்கட்டுதான் நாவலின் சாவி என்பேன். உறவுப் பையன் வெளியிலிருந்து பார்க்கிறான், ஹாரி உள்ளிருந்து எழுதுகிறான், பிரசுரம் மேலிருந்து பேசுகிறது. மூன்றும் ஹாரியைப் பற்றி என்ன சொல்கின்றன என்று தனித்தனியே மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எங்கெங்கே முரண்படுகின்றன என்பது அப்போதுதான் பிடிபடும்.

அடுத்தது, குறியீட்டு அகராதியோடு படிப்பது. ஹெஸ்ஸே 1916இல் உளவியலாளர் கார்ல் யுங்கின் மாணவரான யோசஃப் லாங்கிடம் உளப்பகுப்பாய்வு பெற்றார், 1921இல் யுங்கிடமே போனார். நாவலில் ஹாரிக்குத் தோழியாகும் ஹெர்மினேயின் பெயரும் ஹெர்மன் என்பதன் பெண்பால். ஆகவே அவளை ஹாரிக்குள் இருக்கும் பெண்மை என்று சொல்வதில் பிழையில்லை, அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பிழை. அவள் ஹாரியை கிராமபோன் வாங்கவைத்து ஃபாக்ஸ்டிராட் ஆடப் பழக்குகிறாள். மனம் மாறுவதற்கு முன்னால் கால்கள் மாற வேண்டியிருக்கிறது. சமன்பாடு போடும் அவசரத்தில் இந்த நடனப் பாடங்கள் காணாமல் போய்விடுகின்றன.

நம் வாசகர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. பிளந்த மனம் ஒன்றாவது என்றதும் அத்வைதத்தைக் கொண்டுவந்து பொருத்திவிடுவது. ஹெஸ்ஸேயின் அம்மா தலச்சேரியில் பிறந்தவர் என்பது இந்த ஆசையைத் தூண்டிவிடுகிறது. ஆனால் பிரசுரம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பௌத்த யோகத்தை. ‘நான்’ என்பது ஒரு மயக்கம் என்று தோலுரிக்கும் முறையாகத்தான் அதைச் சொல்கிறது. எல்லாம் கரைந்து ஒன்றாவது இங்கே நடக்கவில்லை. மாய அரங்கில் ஒருவன் ஹாரியின் துண்டுகளைச் சதுரங்கக் காய்களாக அடுக்கி ஓர் ஆட்டம் அமைக்கிறான், கலைக்கிறான், அதே காய்களை வைத்து வேறோர் ஆட்டம் அமைக்கிறான்.

கடைசியாக, முடிவில் அமைதியைத் தேடுவது. ஹாரி தோற்றுத்தான் போகிறான், பொறாமையில் ஹெர்மினேயைக் கத்தியால் குத்துகிறான். அப்போது மொஸார்ட் வந்து ஒரு வானொலிப் பெட்டியை முடுக்குகிறார். சளியும் மென்ற ரப்பரும் கலந்தது போன்ற இரைச்சலில் ஹாண்டெலின் இசை ஒலிக்கிறது. ஹாரி கொதிக்கிறான். மொஸார்ட்டோ சிரித்துக்கொண்டே, இந்தக் கரகரப்புக்குள்ளும் அந்த இசை சாகவில்லை, கேள் என்கிறார். பிறகு தீர்ப்பு வருகிறது: மரண தண்டனை இல்லை, என்றென்றும் வாழும் தண்டனை, 12 மணி நேரம் அரங்கில் நுழையத் தடை, கூடவே எல்லோருடைய சிரிப்பும். மொஸார்ட், மாய அரங்கை நடத்தும் இசைக்கலைஞன் பப்லோவாக மாறுகிறார். ஹெர்மினே ஒரு காயளவுக்குச் சுருங்கி பப்லோவின் சட்டைப்பைக்குள் போகிறாள். மறுபடி ஆடிப் பார்க்கிறேன் என்கிறான் ஹாரி.